கார் ஏசி கூல் ஆகலையா? 'கேஸ் போயிடுச்சு'ன்னு சொன்னதும் தலையாட்டாதீங்க... முதல்ல இதைப் பாருங்க!

கத்திரி வெயில். மதியம் 2 மணி. மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் கார் நிற்கிறது. ஏசி ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஆனால் வருவது குளிர்ந்த காற்று இல்லை, வெறும் காற்று. பின் சீட்டில் குழந்தை அழ ஆரம்பிக்குது. சிக்னல் விழுந்து கார் நகர்ந்ததும் கொஞ்சம் கூல் ஆகுது. அடுத்த சிக்னலில் மறுபடியும் அதே கதை.

அடுத்த நாள் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனால், பல நேரங்களில் பானெட்டைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடும்: "கேஸ் போயிடுச்சு சார், போட்டுடலாம்."

கேஸ் போட்டாச்சு. காசும் கொடுத்தாச்சு. பத்து நாள் நல்லா இருக்கு. பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

ஏன் இப்படி ஆகிறது? கார் ஏசி கூல் ஆகாமல் போக உண்மையில் என்னென்ன காரணங்கள்? கேஸ் போடுவதற்கு முன்பு எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

கேஸ் என்ன பெட்ரோலா, தீர்ந்து போக?

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஏசி கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் இல்லை. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் பொருள்.

கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. காரின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அந்தச் சூடு வெளியேறி, கேஸ் திரவமாகிறது. அடுத்து எக்ஸ்பான்ஷன் வால்வ் வழியாகப் போகும்போது அதன் அழுத்தம் சட்டென்று குறைகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. பிறகு மறுபடியும் கம்ப்ரசர். இப்படியே சுற்று தொடரும்.

அதாவது, ஏசி குளிரை 'உண்டாக்குவது' இல்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும்போது அந்தச் சூட்டைக் கொட்டுவது கஷ்டம். மதுரை மாதிரி ஊரில் சின்னக் கோளாறு கூட பெரிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

ரப்பர் ஹோஸ், சீல் வழியாக வருடத்துக்கு மிகக் கொஞ்சம் கேஸ் கசிவது இயல்பு. அதனால் பல வருடம் ஓடிய காரில் கேஸ் குறைந்திருக்கலாம். ஆனால் போன சீசனில் போட்ட கேஸ் இந்த சீசனில் இல்லை என்றால், அது 'தீர்ந்து' போகவில்லை. எங்கேயோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி.

செலவே இல்லாமல் நீங்களே பார்க்க வேண்டியவை

ஷெட்டுக்குப் போவதற்கு முன்பு ஐந்து நிமிடம் ஒதுக்கி இவற்றைப் பாருங்கள்:

• ரீசர்குலேஷன் பட்டன்: காருக்குள் அம்பு வளைந்து சுற்றுவது போன்ற படம் இருக்கும் பட்டன். அது ஆஃப் ஆகியிருந்தால் வெளியே இருக்கும் அனல் காற்றுதான் உள்ளே வந்துகொண்டே இருக்கும். உச்சி வெயிலில் இதை ஆன் செய்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

• ஏசி ஃபில்டர்: பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் காற்றே வராது. பல நாள் நிறுத்தி வைத்த காரில் எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு.

• கண்டென்சர்: முன்பக்க கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு வழிச்சாலையில் இரவு ஓட்டிய வண்டி என்றால் பூச்சிகள் அப்பியிருக்கும். மேலூர், திருமங்கலம் பக்கம் அறுவடை நேரத்தில் வைக்கோல் தூசியும் சேரும். தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவலாம். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

• ஃபேன்: எஞ்சின் ஓடும்போது ஏசியை ஆன் செய்தால் சிறிது நேரத்தில் முன்பக்க ஃபேன் சுற்ற வேண்டும். காதால் கேட்டாலே தெரியும். கையை உள்ளே விட வேண்டாம்.

• கீழே சொட்டும் தண்ணீர்: காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது கோளாறு இல்லை, ஏசி வேலை செய்வதன் அடையாளம். ஆனால் அந்தத் தண்ணீர் உள்ளே கால்மிதியில் தேங்கினால் டிரெய்ன் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

எப்போ கூலிங் போகுது? அதுதான் முக்கியமான க்ளூ

"கூல் ஆகலை" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்குக்குப் பாதி தகவல்தான் கிடைக்கும். எப்போது கூல் ஆகவில்லை என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

சிக்னலில் சூடு, ஓடும்போது கூல்: முதல் சந்தேகம் ஃபேன் அல்லது அடைத்த கண்டென்சர் மீதுதான். ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்றால் ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். சித்திரைத் திருவிழா நேரத்தில் தல்லாகுளம் பக்கம் ஊர்ந்து போகும் காரில் இந்தக் கோளாறு உடனே வெளியே தெரிந்துவிடும். கேஸ் குறைவாக இருந்தாலும் இதே அறிகுறி வரலாம். ஆனால் ஃபேனைப் பார்ப்பதற்குச் செலவு இல்லை என்பதால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நல்ல கூல், அரை மணி நேரத்தில் காற்றே குறைகிறது: கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கலாம். ஏசியை ஆஃப் செய்து ப்ளோயரை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் மறுபடி சரியாகும். ஃபில்டர் அடைப்பு, காயிலின் வெப்பத்தை அளக்கும் சென்சார் கோளாறு, கேஸ் குறைவு ஆகியவை இதற்குக் காரணமாக இருக்கலாம்.

காற்று வேகமாக வருகிறது, ஆனால் கொஞ்சமும் கூல் இல்லை: கம்ப்ரசர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபியூஸ், ரிலே, பிரஷர் சென்சார், கம்ப்ரசர் கிளட்ச் என எதில் வேண்டுமானாலும் பிரச்சினை இருக்கலாம். கேஸ் மிகவும் குறைந்தாலும் பாதுகாப்புக்காக கம்ப்ரசர் தானாகவே நின்றுவிடும்.

ஒரு பக்கம் கூல், இன்னொரு பக்கம் சூடு: டேஷ்போர்டுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் கதவோ அதை இயக்கும் சின்ன மோட்டாரோ மாட்டிக்கொண்டிருக்கலாம். சில கார்களில் கேஸ் குறைந்தாலும் இப்படி ஆகும்.

மலை ஏறும்போது மட்டும் கூலிங் போகிறது: வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுசா மிதித்தால், சின்ன எஞ்சின் கார்கள் இழுவைக்காக கம்ப்ரசரைச் சில நொடிகள் நிறுத்தும். இது கோளாறு இல்லை. ஆனால் எஞ்சின் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறினால் உடனே வண்டியை ஓரம் கட்டுங்கள். அது ஏசி பிரச்சினை இல்லை, எஞ்சினே ஆபத்தில் இருக்கிறது.

ஷெட்டில் என்ன நடக்க வேண்டும்?

நல்ல மெக்கானிக் முதலில் கையில் எடுப்பது கேஸ் சிலிண்டரை இல்லை, பிரஷர் கேஜை. நீலம், சிவப்பு என இரண்டு மீட்டர்கள் இருக்கும். நீலம் குறைந்த அழுத்தப் பக்கம், சிவப்பு அதிக அழுத்தப் பக்கம்.

இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருக்கும் கேஸின் பெயர் ஆர்-134ஏ. ஏசி ஓடும்போது இதன் அழுத்தம் நீலத்தில் ஏறத்தாழ 30 முதல் 50 பிஎஸ்ஐ வரையிலும், சிவப்பில் 200-க்கு மேலும் இருக்கும். வெளி வெயிலைப் பொறுத்து இது கூடும், குறையும். தோராயமாக இப்படிப் படிக்கலாம்:

• இரண்டுமே குறைவு: கேஸ் குறைந்திருக்கிறது. லீக்கைத் தேட வேண்டும்.

• இரண்டுமே அதிகம்: கண்டென்சரில் சூடு வெளியேறவில்லை. ஃபேன், தூசி அடைப்பு அல்லது ஏற்கெனவே கேஸ் அளவுக்கு மேல் இருக்கிறது.

• நீலம் அதிகம், சிவப்பு குறைவு: கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம்.

• நீலம் ரொம்பக் குறைவு, சிவப்பு வழக்கமான அளவில் அல்லது அதற்கு மேல்: உள்ளே எங்கேயோ அடைப்பு. எக்ஸ்பான்ஷன் வால்வைப் பார்க்க வேண்டும்.

இதில் இரண்டாவது வரியைக் கவனியுங்கள். ஃபேன் பழுதான காருக்கு "கேஸ் கம்மி" என்று சொல்லி மேலும் கேஸ் ஏற்றினால் என்ன ஆகும்? ஏற்கெனவே கூடியிருக்கும் அழுத்தம் இன்னும் கூடும். கூலிங் இன்னும் குறையும். கம்ப்ரசருக்கும் வேலைப்பளு ஏறும். சின்ன ஃபேன் வேலையில் முடிய வேண்டியது, கம்ப்ரசர் மாற்றும் வரை போய்விடும். தவறான கணிப்பின் உண்மையான விலை இதுதான்.

எஞ்சின் ஆஃபில் மீட்டரைக் காட்டினால் நம்பலாமா?

சிலர் எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு மீட்டரைக் காட்டி, "பாருங்க, கேஸ் சரியா இருக்கு" என்பார்கள். அதை வைத்து முடிவு செய்ய முடியாது. சிஸ்டத்துக்குள் கொஞ்சமாவது திரவ நிலையில் கேஸ் இருக்கும் வரை, நிறுத்திய காரின் அழுத்தம் வெயிலைப் பொறுத்ததே தவிர கேஸின் அளவைப் பொறுத்தது இல்லை. 35 டிகிரி வெயிலில் முழுதாக இருந்தாலும் பாதிதான் இருந்தாலும் மீட்டர் ஏறத்தாழ 110 பிஎஸ்ஐதான் காட்டும்.

வீட்டு கேஸ் சிலிண்டர் மாதிரிதான் இதுவும். எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் எடை போட வேண்டும். அதனால்தான் இருக்கும் கேஸை மெஷினில் இழுத்து எடுத்து எடை பார்த்து, கம்பெனி சொன்ன அளவைத் திரும்ப ஏற்றுவது சரியான முறை. அந்த அளவு பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் எழுதியிருக்கும். சின்ன கார்களில் பொதுவாக அரைக் கிலோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இதில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம்.

கேஸ் ஏற்றும் முன் வேக்யூம் போடுவது கட்டாயம். குறைந்தது அரை மணி நேரம் பம்ப் ஓட வேண்டும். உள்ளே போன காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றத்தான் இது. ஈரம் மிச்சம் இருந்தால் வால்வில் ஐஸாகி அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும்.

லீக் கண்டுபிடிக்க சோப்பு நுரை, நைட்ரஜன் அழுத்தம், புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம், கேஸை மோப்பம் பிடிக்கும் கருவி என்று பல வழிகள் இருக்கின்றன. ஹோஸ் ஜாயின்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அதுவே ஒரு துப்பு. கூலிங் காயிலில் லீக் என்றால் மட்டும் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். செலவு அதிகம் என்பதால், அந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் லீக் எங்கே என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

விலை குறைந்த கேஸ் ஏன் ஆபத்து?

சில சிலிண்டர்களில் லேபிளில் ஒன்று, உள்ளே இன்னொன்று இருக்கும். தீப்பற்றக்கூடிய கேஸ் கலந்த சரக்கும் உலகச் சந்தையில் சுற்றுகிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2011-ல் வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட குளிரூட்டும் கப்பல் கன்டெய்னர்கள் சில வெடித்ததில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஆர்-134ஏ என்ற பெயரில் கலப்படக் கேஸ் ஏற்றப்பட்டதுதான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. எனவே சீல் உடைக்காத சிலிண்டரா, பெயர் என்ன என்று கேட்பதில் தவறே இல்லை.

இது வெறும் சொகுசு விஷயமா?

"ஏசி இல்லாம நாங்க எல்லாம் வளரலையா?" என்று கேட்கலாம். ஆனால் வெயில் இப்போது அரசுக் கணக்கிலேயே பேரிடர். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சமவெளிப் பகுதியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் அதை வெப்ப அலை என்கிறது இந்திய வானிலை ஆய்வு மையம். கோடையில் மாநிலத்தின் அதிக வெயில் பதிவாகும் இடங்களின் பட்டியலில் மதுரை விமான நிலையத்தின் பெயர் அடிக்கடி வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

கால் டாக்ஸி ஓட்டுநருக்கு ஏசி பழுதானால் அன்றைய பொழைப்பே போச்சு. கஸ்டமர் ட்ரிப்பை கேன்சல் செய்வார், ரேட்டிங் குறையும். ஏசி நன்றாக ஓடினாலும் டீசல் செலவு ஏறும். 2024 ஏப்ரலில் ஹைதராபாத்தில் ஆப் டாக்ஸி ஓட்டுநர்கள் 'நோ ஏசி' போராட்டத்தில் இறங்கியதும் இதனால்தான். கிடைக்கும் கட்டணத்தில் ஏசி போட்டு ஓட்டினால் கட்டுப்படி ஆகவில்லை என்பது அவர்கள் வாதம். இந்த நிலையில் ஒரே கோளாறுக்கு இரண்டு முறை கேஸ் போடுவது அவர்களுக்குச் சின்ன இழப்பு இல்லை.

லாரிகளிலும் மாற்றம் வந்திருக்கிறது. இப்போது புதிதாகத் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் கேபினில் ஏசி கட்டாயம். 2023 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கான அறிவிப்பை வெளியிட்டது. கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டிப் போகும் பழைய லாரிகளுக்கு இது பொருந்தாது. ஆனால் புது லாரிகள் இரண்டு, மூன்று வருடத்தில் ஏசி சர்வீஸுக்கு வரத் தொடங்கும். நெடுஞ்சாலை ஓர ஷெட்டுகள் அதற்குத் தயாராக வேண்டும்.

ஒரு லீக், 5,000 கிலோமீட்டர்!

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறு வருடக் கணக்கில், ஏறத்தாழ 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

450 கிராம் கேஸ் காற்றில் கலந்தால் சுமார் 640 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். கிலோமீட்டருக்கு 120 கிராம் புகை விடும் சின்ன பெட்ரோல் கார் 5,300 கிலோமீட்டர் ஓடினால் வரும் அளவு அது. மதுரையில் இருந்து சென்னைக்கு ஐந்து முறைக்கு மேல் போய் வந்த மாதிரி!

அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் எல்லாப் புது கார்களிலும் இந்தக் கேஸுக்குத் தடை போட்டது. அங்கே இப்போது ஆர்-1234ஒய்எஃப் என்ற கேஸ் பரவலாகப் பயன்படுகிறது. மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2028-ல் இந்த வகைக் கேஸ்களின் அளவுக்கு உச்சவரம்பு வரும். 2032-ல் 10 சதவீதம் குறைப்பில் தொடங்கி, 2047 வரை படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம், ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரும் இலக்கை வைத்தது. லீக்கைத் தேடி அடைப்பது வாடிக்கையாளரின் பர்ஸுக்கு மட்டும் நல்லது இல்லை.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு

பல எலெக்ட்ரிக் கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே ஏசி சிஸ்டம்தான். ஏசி பழுதானால் ஃபாஸ்ட் சார்ஜிங் வேகமும் குறையலாம். இவற்றின் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. சாதாரண கார்களுக்கு ஊற்றும் கம்ப்ரசர் எண்ணெயை இதில் ஊற்றினால் மின்கசிவு ஏற்பட்டு கம்ப்ரசரே போய்விடலாம். பயிற்சி பெற்றவர்களிடம் மட்டுமே கொடுங்கள்.

உயிரோடு விளையாட வேண்டாம்

வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பநிலை 10 டிகிரி வரை ஏறிவிடும். "ஏசி ஓடுதுல்ல" என்று குழந்தைகளையோ பெரியவர்களையோ உள்ளே விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். ஏசி எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவதும் உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

வெயிலில் நிறுத்திய காரை எடுக்கும்போது முதலில் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அனல் வெளியே போன பிறகு கண்ணாடியை ஏற்றி, ரீசர்குலேஷனை ஆன் செய்யுங்கள்.

கேஸ் போடும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கேஜ் மாட்டி, எஞ்சின் ஓடும்போது ரீடிங் பார்த்தீங்களா? எவ்வளவு காட்டுச்சு?

2. ஃபேனும் கண்டென்சரும் சரியா இருக்கா?

3. லீக் எங்கேன்னு கண்டுபிடிச்சாச்சா? காட்ட முடியுமா?

4. வேக்யூம் எவ்வளவு நேரம் போடுவீங்க?

5. ஸ்டிக்கர்ல இருக்குற அளவுக்கு எடை போட்டு ஏத்துவீங்களா? பில்லில் எத்தனை கிராம்னு எழுதித் தருவீங்களா?

கடைசியாக, பில்லையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி ஒரே மாதிரி 18 சதவீதம்தான். அதற்குப் பிறகும் யாராவது 28 சதவீதம் என்று போட்டால் கேள்வி கேளுங்கள்.

மதுரையில் கைராசியான ஏசி மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. வேலை தெரிந்தவர் இந்த ஐந்து கேள்விகளுக்கும் கோபப்பட மாட்டார். மீட்டரைத் திருப்பிக் காட்டி அவரே விளக்குவார். பதில் சொல்லாமல் சிலிண்டரை மட்டும் எடுத்து வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த ஷெட்டுக்குப் போய்விடுங்கள்.